லைன் வந்தாச்சுங்க

எங்கள் வீட்டில் லைன் என்றால் லாரி. என் கணவர் சொந்தமாக ஒரு லாரி வைத்து ஓட்டுகிறார். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பிவர இரண்டு வாரம் ஆகும், சில சமயம் மூன்று. அதற்கு லைனுக்குப் போவது என்று பெயர். நாமக்கல் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் சேலம் டவுனில் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் "அவரு லைனுக்குப் போயிருக்காருங்க" என்று சொல்வதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகி, வண்டிக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "லைன் கிளம்பிருச்சு", "லைன் வந்துருச்சு" என்றுதான் நாங்கள் பேசிக்கொள்வோம். லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீசிலிருந்து போன் வந்தாலும் முதல் கேள்வி அதுதான்: "லைன் வந்துருச்சுங்களா?"

இந்த ஒரு சொல்லில் நான் செய்த தவறுக்கும் என் மகளின் கை ஒடிந்ததற்கும் சம்பந்தம் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். என் கணவருக்கே வந்தது.

எங்கள் வீடு மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஊருக்குள் இல்லாமல், தோட்டத்தில் இருக்கிறது. இந்தப் பக்கம் பலரும் அப்படித்தான் இருக்கிறோம். அவரவர் காட்டுக்கு நடுவில் அவரவர் வீடு. ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி விளைகிற காடும் ஒரு மண் தடமும். கரண்டுக்குக் கம்பம் நட்டார்கள். வோட்டுக் கேட்க வருகிறவர்கள் தடம் தேடி வருகிறார்கள். இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

செல்போன் இருக்கிறதே என்பார்கள். செல்போன் இருக்கிறது, டவர் இல்லை. வீட்டுக்குள் ஒரு கோடுகூட நிற்காது. சேலத்தில் இருக்கிறவர்கள் ரீசார்ஜுக்குக் கொடுக்கும் அதே காசைத்தான் நானும் கொடுக்கிறேன். அவர்கள் சோபாவில் உட்கார்ந்து சினிமா பார்க்கிறார்கள். என் மகள் பிளஸ் ஒன் முழுக்கவும் பிளஸ் டூ முழுக்கவும் கிணற்றடி மோட்டார் ரூமின் கூரைமேல் உட்கார்ந்து படித்தாள். எங்கள் பூமியிலேயே டவர் நிலையாகக் கிடைக்கும் ஒரே இடம் அது. பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் போடுவார்கள். தேர்வுக்கு வீடியோ பாருங்கள் என்பார்கள். சுவரில் சாய்த்த ஏணியில் ஏறி, சிமெண்ட் அட்டைக்கு மேல் சாக்கை விரித்து, வெயில் என்றால் தலையில் துண்டு, தூறல் என்றால் போனுக்குப் பாலிதீன் பை. அந்தக் கூரைக்கு ஒரு பக்கம் நிலம். மறு பக்கம் எழுபது அடிக் கிணறு.

பக்கத்துத் தோட்டத்து அக்கா தடத்தில் போகும்போதெல்லாம் கேட்பார். "ஏனம்மிணி, உன்ற புள்ள குரங்காட்டம் மேலயே உக்காந்திருக்குது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"படிக்கிறாளுங்கக்கா."

"படிக்கிறவிய எல்லாம் ஊட்டுக்குள்ள உக்காந்துதானே படிக்கிறாங்க?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதைவிட நியாயமான கேள்வியை இந்த விஷயத்தில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

நான் கேட்காமல் இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். முதலில் ஊரில் கேபிள் டிவி நடத்துகிறவரிடம் கேட்டேன். அவர் வீட்டுக்கு வீடு இன்டர்நெட்டும் கொடுக்கிறார். தடத்தின் முனையில் நின்றபடியே கண்ணால் அளந்தார்.

"அக்கா, ரோட்டுல இருந்து உங்க ஊட்டுக்குப் பதினோரு கம்பம் நடோணுங்க. ஒயரு வேற. அத்தனையும் ஒரு ஊட்டுக்கு."

"மாசாமாசம் பணம் கட்டறமல்லங்க?"

"நீங்க கட்டற பணம் ஒரு கம்பத்துக்குக் காணாதுங்கக்கா. கம்பத்து செலவை நீங்களே ஏத்துக்கிட்டா நாளைக்கே ஆளை உடறேன். இல்லாட்டி ஊருக்குள்ள ஒரு ஊடு புடிச்சு வந்துருங்க." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

கம்பத்துக்கு ஆகும் செலவைக் கேட்டேன். வண்டிக்கு இரண்டு டயர் மாற்றலாம் போலிருந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

இதில் எனக்கு ஆத்திரம் மூட்டுவது இன்னொன்று. அதற்கு இரண்டு வருஷம் முன்னால் எங்கள் காட்டு ஓரமாக ரோட்டை ஒட்டிக் குழி தோண்டி, விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கம்பியை ஆரஞ்சுக் குழாய்க்குள் விட்டுப் புதைத்துக்கொண்டு போனார்கள். நான்கு நாள் வேலை. தோண்டினவர்களுக்கு எங்கள் கிணற்றிலிருந்துதான் தண்ணீர் கொடுத்தோம். வேலியோரத்தில் மூன்று வேம்பு போனது, ஒன்றும் சொல்லவில்லை. அது எதற்கு என்று கேட்டதற்கு இன்டர்நெட் என்றார்கள். எங்களுக்கா என்றேன். "இல்லீங்க, அது அப்படியே போகுது" என்று கையை நீட்டிக் காட்டினார் ஒருவர். அது எங்கள் பூமியை உரசிக்கொண்டு இன்றைக்கும் அப்படியே போய்க்கொண்டிருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தில் ஒரு அறையில் அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. அறை பூட்டியிருக்கும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். யாருக்காக மினுக்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மகள் பிளஸ் டூ படிக்கும்போது, அந்த அலுவலகச் சுவரில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தார்கள். கிராமத்து வீடுகளுக்குக் குறைந்த கட்டணத்தில் இணைப்பு, கம்பம் செலவு இல்லை. படத்தில் ஒரு குடும்பமே கம்ப்யூட்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் கிளை அலுவலகம் சேலத்தில் அஸ்தம்பட்டியில். நேரில் போய் விண்ணப்பம் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து ஒருவர் வந்து வீட்டைப் படமெடுத்துக்கொண்டு போனார். பிறகு பேச்சே இல்லை. போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு குரல் சொல்லும். அழுத்தி முடிப்பதற்குள் டவர் போய்விடும். இப்படி எட்டு மாதம்.

எட்டாவது மாதத்தில்தான் அந்தப் போன் வந்தது. காலை பத்து மணி இருக்கும். நான் துணி காயப்போட மாடிக்கு ஏறியிருந்தேன். மாடியில் எப்போதாவது அரைக்கோடு டவர் வரும். என் கணவர் முந்தின நாள்தான் வடக்கேயிருந்து வந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குரல். கரகரவென்று விட்டுவிட்டுக் கேட்டது. புக்கிங் ஆபீசில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருப்பதாக அவர் சொல்லியிருந்தார்.

"மேடம், லைன் வந்துருச்சுங்களா?"

"வந்தாச்சுங்க. நேத்துக் காலைலயே வந்துருச்சு."

"நல்லா ஓடுதுங்களா? ஏதாச்சும் ப்ராப்ளம்?"

"நல்லா ஓடுதுங்க. நடுவுல கொஞ்சம் இழுவை கம்மியா இருந்துச்சாம். இப்பப் பரவால்லீங்க."

"ஸ்பீடு எல்லாம் ஓகேங்களா?"

"அவரு ஸ்பீடெல்லாம் போவ மாட்டாருங்க. நெதானந்தான்."

அந்தப் பக்கம் ஏதோ தட்டெழுதும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க மேடம், அப்ப இதை முடிச்சுக்கலாமுங்களா?"

போன லோடு சம்பந்தமாக ஏதோ காகிதம் என்று நினைத்தேன். "முடிச்சுக்குங்க சாமி" என்றேன். பிள்ளையைக் கூப்பிடுவதுபோல் சாமி என்று வேறு சொன்னேன்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக நான் நேரில் போய்ச் சொன்னதும் எழுதிக் கொடுத்ததும் போனில் கத்தினதும் எந்தக் காதிலும் ஏறவில்லை. ஒரே ஒரு முறை தவறாகச் சொன்ன ஆமாவை மட்டும் அன்றைக்கே பதிந்துகொண்டார்கள்.

இது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. பிளஸ் டூ ரிசல்ட் வந்து மகள் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். பொறியியல் கலந்தாய்வுக்கு எல்லாமே ஆன்லைனில்தான். அதற்குள் இணைப்பு வந்துவிட்டால் நிம்மதி என்று மறுபடியும் அஸ்தம்பட்டிக்குப் போனேன். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் என் எண்ணைத் தட்டிப் பார்த்தாள்.

"உங்க கனெக்‌ஷன் ஓடிட்டிருக்கே மேடம்."

"எங்க ஓடுது?"

"உங்க வீட்லதான்."

"எங்க வீட்ல ஒயரே இல்லைம்மா."

"லைன் வந்துருச்சு, நல்லா ஓடுதுன்னு நீங்களே போன்ல கன்ஃபர்ம் பண்ணியிருக்கீங்க. வேகம் நிதானம்னுகூட எழுதியிருக்கு பாருங்க."

லாரி, லைன், புக்கிங் ஆபீஸ் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகத்தான் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு சிரிப்பை அடக்குவது தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அடக்கவில்லை. "லாரியில ஒய்-ஃபை ஓடுதுங்களா?" என்றார். பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். பி.எஸ்சி. கணக்குப் படித்தவள் நான். அந்த இடத்தில் ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டுப் பொம்பளையாக நின்றேன்.

"பழைய விண்ணப்பம் வெற்றிகரமா முடிஞ்சிருச்சு மேடம். அதைத் திறக்க முடியாது. புதுசாப் போடுங்க."

"ஒயர் இல்லாத வீட்டுக்கு மாசம் பில் போகுதா இல்லையான்னு பாருங்க. அதுல தெரிஞ்சிருமல்ல?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

புதிதாகப் போட்டேன்.

கலந்தாய்வு பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு வேண்டும் என்று நாமே வரிசையாக ஒரு பட்டியல் போட வேண்டும். மூன்று நாள் அவகாசம். பட்டியலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்றாம் நாள் மாலை ஐந்து மணிக்கு எந்த வரிசையில் இருக்கிறதோ அதுதான் முடிவு. மேலேயிருந்து பார்த்துக்கொண்டு வந்து, நம் மார்க்குக்கு முதலில் எது கிடைக்கிறதோ அதைக் கொடுப்பார்கள்.

என் மகளுக்கு மெக்கானிக்கல் வேண்டும். சின்ன வயதிலிருந்து அப்பாவோடு லாரிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியைச் சொல்லி அதில்தான் சேர்வேன் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மார்க்குக்கு அது கிடைக்கும். நோட்டில் இருபத்திரண்டு கல்லூரிகளைத் தன் கைப்பட வரிசையாக எழுதி வைத்திருந்தாள்.

முதல் நாள் மோட்டார் ரூம் மேல் ஏறி, பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பதற்காக ஒரே ஒரு கல்லூரியைப் போட்டுச் சேமித்துப் பார்த்தாள். பேருந்தில் அரை மணி தூரத்தில் இருக்கும் ஒன்று. படிப்பு கம்ப்யூட்டர் சயின்ஸ். பட்டியலில் கண்ணில் பட்டது, அழுத்தினாள், அவ்வளவுதான். இரண்டாம் நாள் முழுக்க டவர் வரவும் போகவுமாக இருந்தது. கோயம்புத்தூர் கல்லூரி உட்பட எல்லாவற்றையும் அதற்குக் கீழே ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டாள்; சோதனைக்குப் போட்டதை எடுப்பதற்குள் டவர் போய்விட்டது. மூன்றாம் நாள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. முதலில் இருப்பதை நீக்கிவிட்டுச் சேமிக்க வேண்டும்.

"அம்மா, நாளைக்குக் காலைல சித்தி ஊட்டுக்குப் போயிரலாமா? அங்க ஒய்-ஃபை இருக்குது" என்று கேட்டாள். சித்தி என்பது என் தங்கை, அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். மறுநாள் எங்கள் காட்டில் கிழங்கு வெட்டு. ஆள் சொல்லியாகிவிட்டது. ஜவ்வரிசி மில்லிலிருந்து வண்டி வருகிறது. என் கணவர் லைனில் இருந்தார். நான் வீட்டில் இல்லாமல் முடியாது.

"ஒரு நிமிச வேலைக்குச் சேலத்துக்கா போவாங்க? மோட்டார் ரூம் மேலயே முடிச்சிடு" என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் எங்கள் பக்கத்து டவரும் போய்விடும். நான் காட்டில் நின்றுகொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் காற்று எழும்பியது. கூரைமேல் அவள் எழுந்து நிற்பதும், போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் நகர்வதும் தெரிந்தது. "ஓரத்துக்குப் போகாத" என்று கத்தினேன். காற்றில் கேட்டிருக்காது. நாலேகால் மணி இருக்கும். கிழங்கு மூட்டையைக் கணக்குப் பார்க்கத் திரும்பினேன். பின்னால் பானை உடைவதுபோல் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கூரைமேல் ஆள் இல்லை.

நான் முதலில் கிணற்றைத்தான் போய்ப் பார்த்தேன். கிணற்று விளிம்பில் மண்டியிட்டுத் தண்ணீரைப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் கிடந்தது. அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. அட்டை உடைந்து உள்பக்கமாக விழுந்திருந்தாள். மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவில் சுருண்டு கிடந்தாள், வலது கை மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. இடது கையில் போன். அதை என் பக்கம் நீட்டினாள்.

"அம்மா, சேவ் ஆச்சான்னு பாரு."

திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

கிழங்கு ஏற்ற வந்த மில் வண்டியிலேயே அவளை முன்னால் உட்கார வைத்துத் திருச்செங்கோட்டுக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவள் அழவில்லை, போனையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஊருக்கு ஊர் கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் எல்லாக் கோடும் நிறைந்து டவர் வந்தது. மணி ஐந்தே கால். உங்கள் விருப்பப் பட்டியல் பதிவு செய்யப்பட்டது என்று பக்கம் திறந்தது. முதல் இடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் சயின்ஸ்.

நீக்கச் சொன்னது போய்ச் சேரவே இல்லை. கைக்கு மாவுக்கட்டுப் போடும்போதுதான் அழுதாள். வலியால் என்று டாக்டர் நினைத்தார்.

சில நாளில் ஒதுக்கீடு வந்தது. அதே கம்ப்யூட்டர் சயின்ஸ். அதற்கப்புறம் நான் பட்ட பாட்டைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஊரே வந்து வாழ்த்தியது.

பக்கத்துத் தோட்டத்து அக்கா பழத்தோடு வந்தார். "கம்ப்யூட்டரு! அதும் பக்கத்துலயே! தெனமும் ஊட்டுல இருந்தே போயிட்டு வரலாம். கை ஒடிஞ்சாலும் ராசிக்காரி அம்மிணி நீ."

"அவ கேட்டது மெக்கானிக்கலுங்கக்கா."

"பொட்டப் புள்ளைக்கு எதுக்கு அந்தக் கெரீசு வேலை? சாமியாப் பாத்து மாத்திக் குடுத்திருக்குது."

கேபிள்காரர் தடத்தில் வண்டியை நிறுத்தி, "கேட்டது கெடைச்சிருச்சாமாங்கக்கா, சந்தோசம்" என்றார். கட்டணமில்லா உதவி எண்ணுக்குப் போன் செய்தால் அங்கேயும் அதே பேச்சு. நீங்கள் முதலில் கேட்டதே கிடைத்துவிட்டது, அதற்கு மேல் மாற்றித் தர உங்கள் பட்டியலில் ஒன்றும் இல்லை என்றார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. அவர்களிடம் போய்ச் சேர்ந்தது அதுதான். எனக்கு அஸ்தம்பட்டி அலுவலகம் ஞாபகம் வந்தது. லைன் வந்துவிட்டது, நல்லா ஓடுகிறது. மகளுக்கு சீட் வந்துவிட்டது, முதலில் கேட்டதே. காகிதத்தில் பார்த்தால் எங்களைப்போலக் கொடுத்துவைத்த குடும்பம் இந்த வட்டாரத்தில் கிடையாது.

இரண்டு வழிதான் இருந்தது. இந்த சீட்டை ஏற்பது. அல்லது வேண்டாம் என்று விட்டுவிட்டு அடுத்த சுற்றில் மிச்சமிருப்பதைப் பிடிப்பது. அடுத்த சுற்றில் ஒன்றும் இல்லாமலும் போகலாம். இரண்டு நாளில் சொல்ல வேண்டும், அதுவும் ஆன்லைனில்.

என் கணவர் அன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் போன் விஷயத்தையும் முதல் தடவையாகச் சொன்னேன். "நெதானந்தான்னா சொன்ன?" என்று கேட்டுச் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே மகளின் கட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. எழுந்து போய் லாரியின் படியில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலம் அவளிடம், "கம்ப்யூட்டரே படி சாமி, ஊட்டுலயே இருந்துக்கலாமல்ல?" என்றார். கெஞ்சுவதுபோல் இருந்தது.

"ஊட்டுல இருந்து எப்படிங்கப்பா கம்ப்யூட்டர் படிக்கிறது? நெட்டு எங்க இருக்குது?" என்றாள் மகள்.

"செரி, நாளைக்குச் சித்தி ஊட்டுக்குப் போயிரலாம்" என்றபடி அவர் எழுந்தார்.

மறுநாள் நாங்கள் மூன்று பேரும் தங்கை வீட்டுக்குப் போனோம். அங்கே கூடத்து மூலையில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் மூன்று விளக்கு. தங்கையின் மாமியார் அந்தப் பெட்டிமேல் வெற்றிலைத் தட்டை வைத்திருந்தார். பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. மகள் இடது கையால் 'வேண்டாம்' என்பதை அழுத்தினாள். "யோசிச்சுக்கோ" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, முடிந்திருந்தது. இத்தனை சுலபமாக இருந்தது. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் கூரையோடு கீழே விழுந்தாள்.

அடுத்த சுற்றுக்கும் அங்கேயே தங்கினோம். மெக்கானிக்கல் கிடைத்தது. கோயம்புத்தூர் கல்லூரியில் இல்லை. அங்கே இடம் முடிந்துவிட்டது. வேறு மாவட்டத்தில், பட்டியலில் பதினெட்டாவதாக எழுதியிருந்த ஒன்று. அவள் மார்க்குக்கு அது ரொம்பக் குறைவு. "மெக்கானிக்கல்தானே, எங்க படிச்சா என்ன" என்று எங்களுக்காகச் சொன்னாள். கோயம்புத்தூர் கல்லூரியின் பெயரை அதற்கப்புறம் அவள் எங்கள் காது கேட்கச் சொன்னதில்லை. ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்தோம். கை எலும்பு கூடிவிட்டது. எழுதினால் மணிக்கட்டு வலிக்கிறது என்கிறாள்.

அவள் போன பிறகு என் கணவர் ஒரு காரியம் செய்தார். இரண்டு லைனை விட்டுவிட்டு வீட்டில் இருந்து, மோட்டார் ரூமின் அட்டைக் கூரையை எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டார். ஏணிக்குப் பதில் சிமெண்ட் படிக்கட்டு. கிணற்றுப் பக்கம் இடுப்பளவு இரும்புக் கம்பித் தடுப்பு. மேலே நிழலுக்கு ஒரு தகரப் பந்தல், உட்கார ஒரு பெஞ்சு. கம்பிக்கு நீல பெயிண்ட் அடித்தார். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கேபிள்காரர்கூட வந்து ஏறிப் பார்த்து, "இங்க டவர் பிரமாதமுங்க" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை. "இத்தனை காசுக்குக் கம்பமே நட்டிருக்கலாமல்லங்க?" என்று கத்தினேன். அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நட்டிருக்கலாம்தான், கிட்டத்தட்ட. அந்தக் காசு இருந்தபோது எங்களுக்குத் தோன்றியது, பிள்ளை விழாமல் இருக்க ஒரு தடுப்பு. பிள்ளை ஏறாமலே இருக்க ஒரு ஒயர் என்பது எங்கள் கையில் இல்லாத காரியம் என்று அத்தனை தூரம் பழகிப்போயிருந்தோம். கட்டிக் கொடுத்தவர்மேல் கோபப்பட்டு என்ன செய்ய? ரோட்டோரம் புதைந்து போகிற கம்பியின்மேல் படவேண்டிய கோபம் அது. அதற்குக் காது கிடையாது.

தீபாவளி லீவுக்கு அவள் வருவாள் என்று முறுக்கு சுட்டு வைத்திருந்தேன். முந்தின நாள் போன் வந்தது. நான் அந்தப் புதுப் படிக்கட்டில் ஏறி நின்றுதான் பேசினேன்.

"அம்மா, லீவுலயும் ஆன்லைன்ல வகுப்பு வெச்சிருக்காங்க. டிராயிங் சாஃப்ட்வேர் இறக்கோணும். ஊட்டுல நெட்டு வந்துருச்சா?"

"இன்னும் இல்ல சாமி. அப்பா மேல பந்தல் போட்டிருக்காரு. பெஞ்சு எல்லாம் இருக்குது."

டவர் போய்விட்டதோ என்று பார்த்தேன். நான்கு கோடும் இருந்தது.

"நான் இங்க ஹாஸ்டல்லயே இருந்துக்கறேம்மா. இன்னும் நாலஞ்சு பேரு இருக்காங்க. அங்க வந்தா…" என்று நிறுத்தினாள். "எனக்கு அது மேல ஏற முடியாதும்மா."

முறுக்கு டப்பாவை என் கணவர் லாரியில் போகிற வழியில் ஹாஸ்டலில் கொடுத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

போன வாரம் நான் மாடியில் இருந்தபோது போன் வந்தது. அதே கரகரப்பு, வேறு ஒரு பெண்.

"மேடம், லைன் வந்துருச்சுங்களா?"

என் கணவர் அன்று காலைதான் வந்திருந்தார். வண்டி வாசலில் நின்றது.

"எந்த லைனும்மா கேக்கற?"

"இன்டர்நெட் லைன் மேடம். புதுசா அப்ளை பண்ணியிருக்கீங்கல்ல."

"எழுதிக்க" என்றேன். "ஒயர் வரல. பொட்டி வரல. கம்பம் ஒண்ணுகூட நடல. எந்த ஆளும் வரல. என் பொண்ணும் வரல. இதுல எதையும் முடிச்சுக்காத. எழுதிட்டயா?"

"மேடம், பொண்ணு வரலைங்கிறதுக்கு இங்க கட்டம் இல்லைங்க" என்றாள் அவள்.

"அப்படின்னா ஓரத்துல எழுது" என்று சொல்லிவிட்டு, எழுதினாளா என்று கேட்பதற்காகப் போனை வைக்காமல் நின்றேன்.